தொப்பியிலிருந்து தொடங்குங்கள்: 1806-ஐ எட்டாம் வகுப்புக்குக் கூத்தாகச் சொல்லும் முறை

1806 வேலூர்ச் சிப்பாய் எழுச்சியின் நினைவு நாளான ஜூலை 10 நெருங்கினால் வேலூர்ப் பள்ளிகளில் அட்டைத் துப்பாக்கி செய்யும் வேலை தொடங்கிவிடும். பத்துப் பிள்ளைகளுக்குத் தலைப்பாகை, பத்துப் பிள்ளைகளுக்குச் சிவப்புச் சட்டை, ஒலிபெருக்கியில் வெடிச்சத்தம், கடைசியில் கொடியேற்றம். பெற்றோர் கைதட்டுவார்கள். ஆனால் மேடையை விட்டு இறங்கிய பையனிடம் "சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள்?" என்று கேட்டால் "வெள்ளைக்காரன் கெட்டவன்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. இது பிள்ளைகளின் குறை இல்லை. நாடகத்தைத் துப்பாக்கியில் தொடங்கியவர்கள் நாம்தான்.

இதே பாடத்தை ஆறு பாடவேளைகளிலும் ஒரு கோட்டைப் பயணத்திலும் கலை வழியாக நடத்தும் முறையை இங்கே எழுதுகிறேன். எட்டாம் வகுப்புக்கு, 40 மாணவர்கள் என்ற கணக்கில். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே இருந்தால் சிலேட்டும் தொப்பியும் மட்டும் போதும். மற்றதை அந்த வயதுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

முதலில் ஆசிரியர் கையில் இருக்க வேண்டிய விவரம். 1805 நவம்பரில் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், சென்னைப் படையில் ஒரு புதிய உத்தரவு வந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடையை மழிக்க வேண்டும், மீசை எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தோல் குஞ்சம் வைத்த, ஐரோப்பியத் தொப்பி போலத் தெரிகிற புதிய தலையணி. தளபதி ஜான் கிரடாக், கவர்னர் வில்லியம் பெண்டிங். மறுத்த சிப்பாய்களில் சிலரைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்துக் கசையடி கொடுத்தார்கள். திப்பு சுல்தானின் குடும்பம் 1799 முதல் வேலூர்க் கோட்டையில்தான் காவலில் இருந்தது. 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குக் கோட்டைக்குள் கல்யாணம். அன்று இரவு தாண்டி, விடிவதற்கு முன் எழுச்சி. கோட்டையில் ஏறத்தாழ 1,500 சிப்பாய்கள், 370 ஐரோப்பிய வீரர்கள். கோட்டைத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். ஐரோப்பியர் தரப்பில் 14 அதிகாரிகளும் 69-வது படைப்பிரிவைச் சேர்ந்த 115 பேரும் இறந்தார்கள். மருத்துவமனையில் நோயாளிகளாகப் படுத்திருந்தவர்களும் இதில் அடக்கம். செய்தி ஆற்காட்டுக்குப் போனது. சுமார் 25 கிலோமீட்டர். காலையிலேயே அங்கிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடும் பீரங்கிகளோடும் வந்து வாயிலைத் தகர்த்தார். அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த நூறு பேர் அளவிலான சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தத்தில் 350 சிப்பாய்களாவது இறந்தார்கள். அதைவிடக் கூடுதலாகச் சொல்லும் கணக்குகளும் உண்டு. பிறகு விசாரணை: சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், சிலரைச் சுட்டார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். தொப்பி உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பெண்டிங்கும் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

இதில் இரண்டு இடங்களை ஆண்டுவிழா நாடகங்கள் தாண்டிப் போய்விடும். ஒன்று மருத்துவமனை. இன்னொன்று சுவர். மருத்துவமனையைச் சொன்னால் நம் சிப்பாய்க்கு இழுக்கு என்று நினைப்பு, சுவரைச் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று நினைப்பு. இரண்டையும் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் இரண்டையும் நடித்துக் காட்டக் கூடாது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சாவை நடிக்கக் கொடுத்தால் அது விழுந்து புரண்டு சிரிக்கும், பார்ப்பவர்களும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் அதற்குப் பிறகு பாடம் நடத்த முடியாது.

சாவை எப்படிக் காட்டுவது என்பதற்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர் அன்று துரியோதனனை மண்ணால், ஆளைவிடப் பல மடங்கு பெரிதாகத் தரையில் படுக்க வைப்பார்கள். படுகளம். கூத்தாடிகள் அந்த மண்ணுடம்பைச் சுற்றித்தான் ஆடுவார்கள். ஆடுகிறவன் ஒருத்தன், இறந்து கிடப்பது மண். எதிரி செத்தாலும் அங்கே ஒப்பாரி உண்டு. இந்த இரண்டையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் போதும்: கூத்தில் வருகிறவர்களைக் கேள்வி கேட்டு நடத்தும் கட்டியக்காரனும் படுகளத்து மண்ணும்.

முதல் பாடவேளை சிலேட்டு. ஆளுக்கு ஒரு கறுப்புச் சிலேட்டு, ஒரு பல்பம். ஒரு சிப்பாயின் முகத்தைச் சிலேட்டு நிறைய வரையச் சொல்லுங்கள். அளவு முக்கியம், சின்னதாக வரைந்தால் அடுத்த வேலை நடக்காது. தலைப்பாகை, நெற்றியில் நாமமோ விபூதியோ அல்லது வெறும் நெற்றியோ, தாடி, மீசை, கடுக்கன், அவரவர் விருப்பம். பதினைந்து நிமிடம். பிறகு ஆசிரியர் எழுந்து நின்று, உணர்ச்சி எதுவும் காட்டாமல், வருகைப் பதிவேடு வாசிக்கிற குரலில் அந்த உத்தரவை ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டும். "நெற்றிக்குறி கூடாது." எல்லோரும் உள்ளங்கையால் அதைத் துடைக்க வேண்டும். ஈரத் துணி தரக் கூடாது. "கடுக்கன் கூடாது." துடை. "தாடி கூடாது." துடை.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று நடக்கும். நெற்றிக்குறி ஒரே தேய்ப்பில் போய்விடும். தாடி போகாது. தாடி வரையும்போது பிள்ளைகள் பல்பத்தை அழுத்தி, பட்டை பட்டையாக இழுத்திருப்பார்கள். கையால் தேய்த்தால் முகம் முழுவதும் சாம்பல் நிறமாகப் படரும், கீறல் உள்ளே அப்படியே நிற்கும். "சார், போகவே மாட்டேங்குது" என்று யாராவது ஒருவர் சொல்வார். அப்போது நீங்கள் எதுவும் விளக்கக் கூடாது. சிலேட்டைத் துடைக்காமல் வரிசையாகச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு மணி அடிக்கும்வரை பார்க்க விடுங்கள். மறுநாள் "துடைத்ததும் என்ன மிச்சம் இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு பிள்ளையின் உண்மையான நெற்றியிலிருந்து விபூதியையோ குங்குமத்தையோ துடைக்கச் சொல்லாதீர்கள், விளையாட்டுக்குக்கூட. தொப்பி போட்டிருக்கும் பையனிடம் அதைக் கழற்றச் சொல்லாதீர்கள். சிலேட்டு முகம் எதற்கு என்றால் இதற்காகத்தான். வேலூர் வகுப்பறையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருப்பார்கள். பாத்திரங்களையும் சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். முஸ்லிம் சிப்பாயாக முஸ்லிம் மாணவன்தான் நடிக்க வேண்டும் என்று வைத்தால் அவன் அந்த வருடம் முழுக்க அந்தப் பாத்திரமாகவே பார்க்கப்படுவான்.

இரண்டாம் பாடவேளை தொப்பி. முதல் இருபது நிமிடம் தலைப்பாகை. ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழு, குழுவுக்கு ஒரு நீளத் துண்டு அல்லது பழைய வேட்டி. ஒருவர் தலையில் மற்றவர் கட்டட்டும். எட்டுத் தலைப்பாகையும் எட்டு விதமாக இருக்கும்: ஒன்று உருமால் மாதிரி, ஒன்று முண்டாசு மாதிரி, ஒன்று மாப்பிள்ளை மாதிரி. அதைப் பார்த்துவிட்டுத் தொப்பிக்கு வாருங்கள்.

தொப்பிக்குக் கறுப்புச் சார்ட் அட்டை. இந்த வயதில் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 53 முதல் 55 செ.மீ. வரும். 58 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரத்தில் ஒரு பட்டை வெட்டி, 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு உருளையாக ஒட்டுங்கள். அடிப்பக்கம் 2 செ.மீ. ஆழத்துக்குச் சிறு சிறு வெட்டுகள் போட்டு வெளிப்பக்கம் மடித்தால் விளிம்பு ஒட்ட இடம் கிடைக்கும். விளிம்புக்கு 28 செ.மீ. விட்டத்தில் வட்டம், நடுவில் 17.5 செ.மீ. வட்டத்தை வெட்டி எடுத்த வளையம். மேல்மூடி 18 செ.மீ. வட்டம். பசை மைதா பசையாக இருந்தால் ஒரு ராத்திரி காய வேண்டும், அதனால் அந்த வகுப்பிலேயே போட வேண்டும் என்றால் ஸ்டேப்ளர்தான். ஊசியின் மடிந்த முனை வெளிப்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் நெற்றியில் கீறும். பெரிதாக வெட்டியதால் தொப்பி கண்ணுக்கு இறங்குவதுதான் வழக்கமான தவறு. அப்படி இறங்கினால் வகுப்பு சிரிக்கும், எனவே முன்னதாக ஒரு பையன் தலையில் வைத்துப் பாருங்கள். ஒரே தொப்பி பல தலைக்குப் போவதால் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு செய்தித்தாள் பட்டை வைத்து மாற்றுங்கள். பேன் ஒட்டிக்கொண்டது என்று மறுநாள் வீட்டிலிருந்து புகார் வந்தால் நல்ல பாடமும் அதோடு நின்றுபோகும்.

எட்டுத் தொப்பியும் ஒன்றுபோல இருக்கும். எட்டுத் தலைப்பாகை எப்படி இருந்தது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். போட மாட்டேன் என்று சொல்கிற பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். மறுக்கலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள், யாராவது மறுத்தால் பாடமே அங்கே வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மறுக்க முடிந்தது, அவர்களுக்கு மறுத்ததற்குக் கசையடி விழுந்தது.

தோல் குஞ்சம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மாட்டுத்தோல், பன்றித்தோல் என்ற பேச்சு பரவியது என்று பாடத்தில் வரும். எந்த வகுப்பிலும் "சீ, தோலா!" என்று ஒரு குரல் எழும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று இந்தப் பக்கமே தோலால் சோறு தின்கிற பூமி. அந்த வகுப்பிலேயே தோல் ஷாப்பில் ஈரத்தோல் சுமக்கும் அப்பாவின் பிள்ளையும், ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் அம்மாவின் பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த "சீ" அவர்கள்மேல் விழும். அதனால் இந்தப் பகுதியை "தோல் அசுத்தம் என்று சிப்பாய்கள் நினைத்தார்கள்" என்று நடத்தவே கூடாது. தங்கள் உடம்பில் எது படலாம், எது படக் கூடாது என்பதை யாரையும் கேட்காமல் மேலே இருந்து ஒருவன் தீர்மானித்தான், எதிர்த்துப் பேச வழியில்லாமல் செய்தான், இவர்களை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற பயம் ஏற்கெனவே இருந்தது, அதன்மேல் இது வந்தது. இப்படிச் சொல்லுங்கள். உங்கள் மேசைமேல் ஒரு துண்டுத் தோலை வைத்து, அதை எப்படிப் பதப்படுத்துகிறார்கள், எப்படித் தைக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை யாராவது சொல்ல விரும்பினால் ஐந்து நிமிடம் விடுங்கள். அந்த வகுப்பில் அந்தப் பிள்ளைதான் ஆசிரியர். பிறகு குஞ்சத்துக்கு ரெக்சின் துண்டை ஒட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவதும் நான்காவதும் கூத்து. 25 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. செய்யாற்றுப் பக்கம் புரிசையில் விடிய விடிய ஆடுவார்கள் என்றால் அது பிறவி எடுத்துக் கற்ற கலை. நாம் அதிலிருந்து நான்கு உறுப்புகளை மட்டும் கடன் வாங்குகிறோம்: திரை, கட்டியக்காரன், பின்பாட்டு, தாளம். கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கீர்த்தியும் வேண்டாம். சிப்பாய்க்கு எதற்கு புஜக்கீர்த்தி. அரிதாரமும் வேண்டாம். திரைக்கு ஒரு நாலு முழ வேட்டி, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள. தாளத்துக்கு ஒரு ஜோடி ஜால்ரா. மிருதங்கமும் முகவீணையும் வாசிக்கிறவர் கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடாதீர்கள், ஆறு பிள்ளைகள் கூடிப் பாடும் பின்பாட்டே தாங்கும்.

கட்டியக்காரனை ஏன் வைக்கிறோம் என்றால், கூத்தில் ராஜாவைக்கூட "நீ யாரு, எதுக்கு வந்தே?" என்று கேட்கும் உரிமை அவனுக்கு மட்டும்தான். பாடப்புத்தகம் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போகும். கட்டியக்காரன் பார்ப்பவர்கள் சார்பில் கேட்பான். அவன் கேள்விகளைப் பிள்ளைகளே எழுத வேண்டும். ஆசிரியர் எழுதினால் அது வசனமாகிவிடும். முதல் பாத்திரம் வரும் இடம் மட்டும் மாதிரிக்கு இப்படி இருக்கலாம்:

"யாருய்யா அது, திரைக்குப் பின்னால காலு மட்டும் தெரியுது?"
"கும்பினிப் பட்டாளத்துச் சிப்பாய்."
"பேரு?"
"பட்டாளத்து நோட்டுல எழுதி வச்சிருக்காங்க."
"சம்பளம் வருதா?"
"வருது."
"அப்புறம் இன்னா குறை உனக்கு?"
"தலப்பாவ அவுக்கச் சொல்றாங்க."
"அவ்ளோதானா? அத்த அவுத்துட்டு வேற ஒண்ணு கட்டிக்கயேன்."
"கட்டறது இல்லய்யா. மாட்டறது."

இந்த இடத்தில் திரை இறங்கி, அவன் கையில் தொப்பியோடு நிற்க வேண்டும். தலையில் போடக் கூடாது.

இதே போல ஆறு பேர் திரைக்குப் பின்னால் இருந்து வர வேண்டும். சிப்பாய்க்கு அடுத்து உத்தரவை வாசிக்கும் அதிகாரி. மூன்றாவது கல்யாண வீட்டுச் சமையல்காரர். இவர் மட்டும் கற்பனைப் பாத்திரம், அதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நான்காவது முஸ்தபா பேக். எழுச்சி வரப்போகிறது என்று முன்கூட்டியே அதிகாரியிடம் போய்ச் சொன்ன சிப்பாய். விசாரித்த இந்திய அதிகாரிகள் இவனுக்குப் பைத்தியம் என்று சொல்ல, அடைத்து வைத்தார்கள். பிறகு எல்லாம் முடிந்ததும் கும்பினி வெகுமதி கொடுத்தது. பிள்ளைகள் உடனே "துரோகி" என்பார்கள். கட்டியக்காரன் கேட்க வேண்டியது: "நீ சொன்னத அவங்க நம்பியிருந்தா எத்தன பேரு பொழச்சிருப்பாங்க? எத்தன பேரு தூக்குல தொங்கியிருப்பாங்க?" இதற்கு விடை வேண்டாம். ஒத்திகையில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். பத்து நிமிடம் போகட்டும், ஒத்திகை கெட்டுப்போனாலும் பரவாயில்லை.

ஐந்தாவது கர்னல் ஃபேன்கோர்ட்டின் மனைவி. கணவன் வெளியே போய்த் திரும்பவில்லை, அந்த அம்மாள் இரண்டு குழந்தைகளோடு ஒளிந்து உயிர் பிழைத்தார், அந்த இரவைப் பற்றி எழுதியும் வைத்தார். மருத்துவமனையில் நடந்ததை இவர் வாயால்தான் சொல்ல வைக்க வேண்டும், ஒரே வரியில், பாட்டில்லாமல். ஆறாவது ஜான் பிளாக்கிஸ்டன். வாயிலைத் தகர்த்ததில் பங்கெடுத்த பொறியாளர். சுவரோரம் சிப்பாய்களைச் சுட்டது அன்று தக்க தண்டனையாகத் தோன்றியது என்றும், காலம் கடந்த பின் அதைச் சரி என்று சொல்வது கடினமாக இருக்கிறது, அன்று தனக்கு இருந்த மனநிலையே தனக்குப் புரியவில்லை என்றும் பின்னாளில் எழுதினார். சுவரைப் பற்றி வெள்ளைக்காரத் தரப்பில் இருந்தவரே சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சிப்பாய்களின் குரல் நமக்குப் பெரும்பாலும் விசாரணைப் பதிவுகளின் வழியாகத்தான் வருகிறது. பயந்து சொன்னதும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதும் அது. அதனால்தான் சிப்பாய் பாத்திரத்துக்குப் பெயர் வைக்காமல் விட்டேன். ஷேக் ஆதம், ஷேக் ஹுசைன் போன்ற பெயர்கள் பாடத்தில் இருக்கின்றன. அவற்றைப் பின்பாட்டில் பாடலாம். அவர்கள் வாயில் நாம் எழுதிய வசனத்தை வைக்க வேண்டாம்.

கசையடியும் சண்டையும் மேடையில் வராது. கசையடிக்குப் பின்பாட்டுக்காரர்கள் "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணத் தொடங்கிப் பத்தில் நிறுத்த வேண்டும். சண்டைக்குத் திரையைத் தூக்கிப் பிடித்தபடி எல்லாம் அப்படியே நின்றுபோக வேண்டும். தாளம் இல்லை, பேச்சு இல்லை. இருபது வினாடி. ஒரு நிமிடம் வைத்தால் உருக்கமாக இருக்கும் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். வைத்துப் பாருங்கள், இருபத்தைந்தாவது வினாடியில் பின் வரிசையில் சிரிப்பு கிளம்பும். திரை பிடிக்கும் இருவரும் மனதுக்குள் எண்ணி, இருபதில் திரையைக் கீழே விட வேண்டும். பின்னால் யாரும் இருக்கக் கூடாது. எட்டுக் கறுப்புத் தொப்பியும் தரையில் கிடக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது அதிகம் என்று படுகிறது. வெறும் தரை போதும்.

ஐந்தாம் பாடவேளை மண். ஏரிக் களிமண் அல்லது குயவரிடம் பிசைந்த மண், 12 கிலோ. ஏரி மண் என்றால் கல்லும் வேரும் பொறுக்கி, ஒரு இரவு ஊறவிட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை மிதித்துப் பிசைய வேண்டும். தண்ணீர் கூடினால் காயும்போது வெடிக்கும். வெடிப்பு விழுகிற மண்ணாக இருந்தால் சலித்த மணல் ஒரு கிலோ சேருங்கள். வகுப்பு தொடங்கும்வரை ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள்.

ஆளுக்குப் பன்னிரண்டு உருண்டை, ஒவ்வொன்றும் 20 கிராம் அளவு, எலுமிச்சங்காயை விடச் சின்னது. உருட்டியதும் பெருவிரலால் ஒரே ஒரு அழுத்தம். ரேகை பதிய வேண்டும். முகம், கை, கால் எதுவும் வேண்டாம். பொம்மை செய்ய விட்டால் பிள்ளையாரும் பாம்பும் வந்துவிடும். வெறுமனே உருட்ட விட்டால் கோலி ஆகிவிடும். அழுத்தியதும் கீழே வைக்க வேண்டும், திரும்ப எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். நாற்பது பேருக்கு 480 வரும். இறந்த ஐரோப்பியர் 14-உம் 115-உம் சேர்த்து 129, சிப்பாய்கள் 350, இரண்டும் சேர்ந்தால் 479. ஒன்று கூடும். அந்த ஒன்றையும் மிஞ்சிய மண்ணையும் உருட்டாமல், ஒரே கட்டியாகப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கணக்கில் வராதவர்கள் அதில் இருக்கிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். கூடுதல் சொல்லும் கணக்குகளைப் பற்றிப் பேசும் இடமும் இதுதான்.

நிழலில் நான்கைந்து நாள் காய வேண்டும். வேலூர் வெயிலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் பாதி பிளந்துவிடும். காய்ந்ததும் ஆறாம் பாடவேளையில் பள்ளி முற்றத்தில் வரிசைக்குப் பத்தாக, 15 செ.மீ. தள்ளித் தள்ளி வையுங்கள். ஒன்றரை மீட்டர் அகலம், ஏழு மீட்டர் நீளம் வரும். எந்த உருண்டை எந்தத் தரப்பு என்று பார்த்தால் தெரியாது. இரண்டும் ஒரே மண், ஒரே அளவு. 129-ஐத் தனியாகப் பிரித்து வைப்பதா, கலந்து வைப்பதா என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். பிரித்தாலும் சரி, கலந்தாலும் சரி, ஏன் என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரிக்கு மதிப்பெண் போடக் கூடாது. போட்டால் உங்களுக்குப் பிடித்த விடையைத்தான் எழுதுவார்கள்.

கோட்டைப் பயணத்தைக் கூத்துக்கு முன்னால் வையுங்கள், இரண்டாம் பாடவேளைக்கும் மூன்றாம் பாடவேளைக்கும் நடுவில். காலை ஒன்பதுக்குள் உள்ளே போனால் நல்லது. பதினொன்றுக்கு மேல் கல் சுடும். கோட்டையை முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டாம். அகழி, வாயில், கோயிலும் மசூதியும் தேவாலயமும் ஒரே மதிலுக்குள் இருப்பது, மகால்கள் வெளியிலிருந்து. ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பொருளை உட்கார்ந்து வரைய வேண்டும்: ஒரு கல், ஒரு துளை, வாயிலின் ஒரு ஓரம். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் சுவரில் தாள் வைத்துக் கரியால் தேய்த்து எடுக்க முயலாதீர்கள். "எந்தச் சுவர் சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஏதாவது ஒரு சுவரைக் கைகாட்டி விடாதீர்கள். வாயிலில் நின்று, ஆற்காட்டிலிருந்து குதிரையில் வந்தால் எந்தப் பக்கம் தூசி தெரியும் என்று கேட்டால் அவர்களே கிழக்கே திரும்பிப் பார்ப்பார்கள்.

இவை எதையும் தொடங்குவதற்கு முன் வீட்டுக்கு ஒரு கடிதம் போக வேண்டும். நான்கு வரி போதும்: இந்த வாரம் 1806 பற்றிப் படிக்கிறோம், இரு தரப்பிலும் நடந்த கொலைகளைப் பற்றிப் பேசுவோம், உங்கள் பிள்ளையின் நெற்றிக்குறியையோ உடையையோ தொட மாட்டோம், வீட்டில் பிள்ளை ஏதாவது கேட்டால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். இதைத் தமிழில் எழுதுங்கள், உருது வாசிக்கும் வீடுகள் இருந்தால் உருதுவிலும் எழுதிக் கொடுங்கள். கடிதம் போகாமல் தொப்பியும் தோலும் வகுப்புக்குள் வந்தால் மூன்றாம் நாள் தலைமை ஆசிரியர் அறையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

மண்ணை என்ன செய்வது என்று கடைசியில் எப்போதும் ஒரு கேள்வி வரும். சுட்டுப் பத்திரப்படுத்தலாம் என்று சிலர் ஆசைப்படுவார்கள். வேண்டாம். படுகளத்துத் துரியோதனனும் மழையில் கரைகிறவன்தான். உருண்டைகள் எலும்பாகக் காய்ந்த பிறகு ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். அரைகுறையாகக் காய்ந்தது கரையாமல் கட்டி கட்டியாக நிற்கும், முழுக்கக் காய்ந்தது அரை மணியில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி நின்று பார்க்கட்டும், குமிழி வரும். மறுநாள் மேல்தண்ணீரை வடித்துவிட்டு, மண்ணைச் சாக்கில் கொட்டி ஆறவிட்டுப் பிசைந்து வைத்தால் அடுத்த வருட எட்டாம் வகுப்புக்கு ஆகும்.